சமத்து

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாக. இவன் அழாமலே குடிச்சிருவான். அம்புட்டுச் சமத்து."

வராந்தாவில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் விளையாட்டுச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெபக்கனியின் காதில் அது விழுந்தது.

"பெரியவ இருக்காளே, நான் குளிக்கப் போனாலே ஊரைக் கூட்டிருவா. அவளை எங்கயும் விட முடியாது. அதான் இவனைக் கொண்டுபோய் ஊர்ல மாமியார்கிட்ட விடப் போறேன். வெள்ளிக்கிழமை கிளம்புறோம். திங்கக்கிழமை நான் மில்லுல சேரணும்."

"பிள்ளை தேடாதா?"

"இவனா? திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

ஜெபக்கனி குழந்தை வளர்ச்சித் துறையில் ஆராய்ச்சி மாணவி. குறைமாதத்தில் பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் இருந்த குழந்தைகள், வளர்ந்த பிறகு சிறு பிரிவை எப்படித் தாங்குகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. தாய் குழந்தையை ஓர் அறையில் விளையாட விட்டுவிட்டு வெளியே போவாள். மூன்று நிமிடத்தில் மணி அடிக்கும். திரும்பி வருவாள், சோதனை முடியும். உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியாத கண்ணாடிக்குப் பின்னால் ஜெபக்கனி உட்கார்ந்திருப்பாள். குழந்தையின் புஜத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அது இதயத் துடிப்பைத் திரைக்கு அனுப்பும். மறுநாளும் இதே சோதனை நடக்கும்.

வராந்தாவில் பேசிய தாயின் பெயர் முத்துச்செல்வி. மகன் கபிலேஷுக்கு இரண்டு வயது.

தாய் போனபோது கபிலேஷ் ஒரு மரக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். வந்தபோதும் ஓட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. திரையில் மட்டும் துடிப்பு ஏறிக்கொண்டே போயிருந்தது. சில குழந்தைகளுக்குப் பட்டை நழுவும். அப்போது எண்கள் தாறுமாறாக வரும். ஜெபக்கனி 'பட்டை தளர்வு' என்று குறித்துவிட்டு அந்த எண்களை நீக்கினாள்.

போகும்போது முத்துச்செல்வி கேட்டாள். "ஊர்ல இருந்துக்கிருவான்ல மிஸ்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

ஜெபக்கனியின் வழிகாட்டி பூங்கோதை. அவளைவிட எட்டு வயதுதான் மூத்தவர். படிப்பை முடித்த நாளிலிருந்து இதே ஆராய்ச்சி. அவரிடம் லீவு கேட்டால் கூடவே கேன்டீனுக்கு வந்துவிடுவார், லீவு கிடைத்ததா இல்லையா என்று டீ குடித்து முடித்த பிறகு நாம்தான் யோசிக்க வேண்டும் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

"மேடம், இன்னிக்கு ஒரு பையன் வந்தான். ரெண்டு மாசம் பெட்டியில இருந்தவன். மத்த பிள்ளைங்க அம்மா கதவுகிட்டப் போகும்போதே அழ ஆரம்பிச்சிடுதுங்க. இவன் அசையலை. எதுவுமே இவனைத் தொடலை. இவனை மட்டும் எது காப்பாத்துச்சு மேடம்?"

"துடிப்பு?"

"பட்டை சரியில்லை. அந்த நம்பரை நீக்கிட்டேன்."

"அந்தப் பட்டையைக் கொண்டா."

கொண்டுவந்தாள். பெரியவர்களுக்கான நாடாவை மாட்டி நீட்டினார் பூங்கோதை.

"கட்டிக்கோ. மிஷின் எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்.

"இன்னிக்கும் கோஸ் பொரியலா?"

"ஆமா மேடம்."

"போன வாரமும் அதானே?"

"அது வேற கோஸ் மேடம்."

பூங்கோதை சிரித்தார். பிறகு அதே குரலில் சொன்னார்.

"ஜூன்ல நான் இங்கேருந்து போறேன். ஹைதராபாத்ல வேலை. உனக்கு வேற கைடு போடுவாங்க."

ஜெபக்கனி தலையசைத்தாள்.

"சரி மேடம். வாழ்த்துகள் மேடம்."

பூங்கோதை திரையை அவள் பக்கம் திருப்பினார். கோஸ் வரைக்கும் சமமாக ஓடிய கோடு, அதற்குப் பிறகு மேலே ஏறியிருந்தது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"பட்டை தளர்வா இருக்கா, பாரு."

ஜெபக்கனி விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"நிஜமாவே போறீங்களா?"

"நிஜம்தான். எப்படியும் உன்கிட்டச் சொல்லியாகணும். இன்னிக்குச் சொன்னேன்."

"சரி மேடம்."

"ஏன் போறீங்கன்னுகூட நீ கேக்கலை."

"கேட்டா இருந்துடுவீங்களா?"

"இல்லை."

"அப்புறம் கேட்டு என்ன மேடம்?"

"பெட்டிக்குள்ள கிடந்தப்போ அவனும் இதைத்தான் கத்துக்கிட்டிருப்பான்."

ஜெபக்கனி பட்டையைக் கழற்றினாள். அதைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

"கூப்பிடாத பிள்ளைகிட்ட எப்படி மேடம் போறது?"

"கூப்பிடாமலே போறதுதான்."

அன்று மாலை, நீக்கிய எண்களை அவள் திரும்பச் சேர்த்தாள்.

மறுநாள் கபிலேஷ் அறைக்குள் காரோடு உட்கார்ந்தான். முத்துச்செல்வி வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். ஜெபக்கனி அவளைக் கண்ணாடிக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

"இங்கேருந்து பாருங்கக்கா."

"காருதான ஓட்டுறான்."

"ஆமாக்கா. இப்போ இந்த நம்பரைப் பாருங்க. இது அவன் நெஞ்சு அடிக்கிறது."

முத்துச்செல்வி பார்த்தாள்.

"ஏறுதே."

"நீங்க கதவைச் சாத்தினதிலேருந்து ஏறுது. நேத்தும் இப்படித்தான். நான்தான் மிஷின் கோளாறுன்னு நினைச்சிட்டேன்."

"நான் கெட்ட அம்மாங்கிறீங்களா?"

"இல்லக்கா. உங்களைத் தேடுறான்னு சொல்றேன்."

"தேடுறவன் வாயைத் திறந்து அழுக வேண்டியதுதான? பெரியவ அழுகல?"

"பெட்டிக்குள்ள அழுது பார்த்திருப்பான்க்கா."

முத்துச்செல்வி கண்ணாடியில் கையை வைத்தாள்.

"உள்ள விடல மிஸ். அம்புட்டு நாளும் நான் கண்ணாடிக்கு வெளியதான் நின்னேன்."

"தெரியும்க்கா."

உள்ளே கபிலேஷ் காரைச் சுவர்வரை ஓட்டினான். திருப்பினான். மறுபடியும் ஓட்டினான்.

"நேத்துக் கேட்டீங்கல்ல, ஊர்ல இருந்துக்கிருவானான்னு" என்றாள் ஜெபக்கனி. பேசும்போது அவள் முத்துச்செல்வியைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். "இருந்துக்கிருவான்க்கா. இப்படித்தான் இருப்பான்."

முத்துச்செல்வி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு கூப்பிட்டா, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகலன்னு சொல்லுங்க."

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். கபிலேஷ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, காரோடு சேர்த்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் எண் உடனே இறங்கவில்லை. மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.