'இதோ வந்துட்டேன்' மருதநாச்சி

உங்க பாட்டனுக்குப் பாட்டனெல்லாம் பிறக்கிறதுக்கு ரொம்பக் காலம் முன்னால, குவளைநாட்டில மருதநாச்சின்னு ஒரு பூக்காரி இருந்தா. கை நிறைய வேலை, வாய் நிறையச் சிரிப்பு. ஆனா எங்க போனாலும் தாமதம்! யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்!"னு குரல் கொடுப்பா. அப்போ தலைகூட வாரியிருக்க மாட்டா. "ஊரே உனக்காகக் காத்துக் கிடக்கணுமா புள்ள?"ன்னு புருஷன் சாத்தப்பன் தினம் சண்டை பிடிப்பான்.

அந்த ஊர்க் குளக்கரையில காலகண்டன்னு ஒரு மந்திரவாதி. நேரம் தவறினா அவனுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். ஒரு நாள் அவன் பூசைக்கு மருதநாச்சி கொண்டு போன பூ தாமதமாப் போச்சு. அவ்வளவுதான்! கூட வந்த சாத்தப்பனைக் கொக்கா மாத்திக் குளத்தில நிறுத்திட்டான்.

அப்புறம் அடியில ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் ஒண்ணைத் தண்ணியில மிதக்க விட்டான். துளை வழியாத் தண்ணி ஏறி, கிண்ணம் முழுகினா ஒரு வேளைப் பொழுது முடிஞ்சுதுன்னு அந்த நாட்டு வழக்கம்.

"இது முழுகுறதுக்குள்ள மலைச்சுனைத் தாமரையைக் கொண்டு வந்து இதில போடு. இல்லேன்னா உன் புருஷன் காலத்துக்கும் கொக்குதான்!"

"ஐயோ, இதோ வந்துட்டேன்!"னு கொக்கைப் பார்த்துக் கத்திட்டு ஓடினா மருதநாச்சி.

வழியில முள்வேலியில ஒரு கன்னுக்குட்டி சிக்கிக் கதறுச்சு. எடுத்து விட்டுட்டு ஓடினா. கிணத்தடியில ஒருத்தி, "தண்ணி சேந்துற வரைக்கும் பிள்ளையைப் பிடி தாயீ"ன்னா. பிடிச்சுக் கொடுத்துட்டு ஓடினா. மூணாவதா வந்தது சின்ன மாமியார். "அடியே, வீட்டில எல்லாரும் சௌக்கியமா?" பதிலுக்கு நலம் விசாரிக்காமப் போக முடியுமா? விசாரிச்சா. அந்த அம்மாவுக்கு ஒம்பது பிள்ளைங்க!

தாமரையோட திரும்பும்போது வெயில் சாஞ்சிருச்சு. 'பாவி நான், என் சாமியைக் கொக்காவே விட்டுட்டேனே'ன்னு அழுதுக்கிட்டே வந்து பார்த்தா, கிண்ணம் மிதக்குது!

காலகண்டன் கரையில கண்ணை மூடி, அது முழுகுற சத்தத்துக்காகக் காத்திருக்கான். குளத்தில கொக்கு ஒத்தைக் காலில நிக்குது. இன்னொரு கால் கிண்ணத்துக்கு அடியில, தாங்கிப் பிடிச்சு வெடவெடன்னு நடுங்குது.

தாமரையைப் போட்டா. கொக்கு சாத்தப்பனாகித் தொப்புனு தண்ணியில உட்கார்ந்துச்சு.

"ஏமாத்து! ஏமாத்து!"ன்னு குதிச்சான் மந்திரவாதி.

"முழுகுறதுக்குள்ளன்னுதானே சொன்னீரு? முழுகிச்சா?"ன்னான் சாத்தப்பன். காலகண்டனோட வாக்கு அவனையே கட்டிருச்சு. அவன் மந்திரமெல்லாம் அந்த நிமிஷமே புகையாப் போச்சு.

மருதநாச்சி தேம்பினா. "இவ்வளவு நேரம் எப்படி நின்னீங்க?"

"நீ வருவேன்னு தெரியும் புள்ள. நேரத்துக்கு வரமாட்டேன்னும் தெரியும். அதான் காலைத் தூக்கினேன்."

கால் மரத்துப்போன புருஷனைத் தோளில சாய்ச்சு அவ மெல்லமாக் கூட்டிட்டுப் போனா. வீடு போய்ச் சேர ரொம்ப நேரமாச்சு. அன்னைக்கு ரெண்டு பேருக்குமே அவசரமில்லை.