புரட்டாசிக்குக் காத்திருந்த புல்விதை

அந்தக் காலத்தில் எறும்பும் காடையும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பியதில்லை.

கொங்கு நாட்டு மேட்டு நிலத்தில், மாடு மேய்வதற்கென்றே கிளுவை முள்வேலி போட்டுப் புல்லை வளர்ப்பார்கள்; அந்த நிலத்தைக் காடு என்பார்கள். சித்திரையில் முதல் மழை விழுந்த அன்றே எல்லோரும் புல்விதையைத் தூவிவிடுவார்கள். சில காட்டில் அது முளைத்த கையோடு கருகும். சில காட்டில் முளைக்கவே முளைக்காது. ஏன் என்று தெரியாததால் ஆளாளுக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டார்கள். விதை கொடுத்தவன் பதரைக் கலந்துவிட்டான் என்பார் ஒருவர். பக்கத்துக் காட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்பார் இன்னொருவர்.

அங்கே வேலாத்தாள் என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் சென்னியப்பன். முந்திய கோடையில் தீனியில்லாமல் அவர்களுடைய இரண்டு மாடுகள் செத்துப்போயின. இப்போது மிச்சம் இளஞ்சினையாயிருந்த ஒரு செவலைப் பசுதான். வீட்டில் ஒரே ஒரு கூடை விதை இருந்தது.

சென்னியப்பன் மூங்கில் வெட்ட மலைக்குப் போயிருந்தபோது மழை வந்தது. வேலாத்தாள் தனியாகவே விதைத்து முடித்தாள். மூன்றாம் நாள் அவன் திரும்பிவந்து காட்டைப் பார்த்தான். தரையில் ஒரு விதைகூட இல்லை.

"ஏம்புள்ள, கூடை விதையும் இங்கதான் தூவுனியா?"

"வேற எங்க தூவுவாங்க?"

"முந்தாநேத்து உங்கண்ணன் வந்துட்டுப் போனாராமா."

வேலாத்தாள் அவன் முகத்தையே பார்த்தாள். "விதையைத் தூக்கி எங்கண்ணனுக்குக் கொடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பசுவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் விடிந்ததும் வேலாத்தாள் வெறுங்கூடையும் களைக்கொத்துமாகக் காட்டுக்கு வந்து வேல மரத்தடியில் உட்கார்ந்தாள். வேலியிலிருந்து ஒரு காடை எட்டிப்பார்த்தது.

"நான் எடுக்கலீங்க அம்மிணி. கீழே பாருங்க, அவங்களைக் கேளுங்க" என்றது.

"நான் உன்னைக் கேக்கவே இல்லையே, நீ ஏன் சொல்றே?"

காடை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வேலாத்தாள் குனிந்து பார்த்தாள். எறும்புச் சாரை ஒன்று வேல மரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வந்த எறும்பின் வாயில் ஒரு புல்விதை. களைக்கொத்தோடு அதன் பின்னாலேயே போனாள். வளை வாசலில் தலை பெருத்த எறும்பொன்று வழிமறித்து நின்றது.

"தோண்டாதீங்க அம்மிணி. உங்க விதை உள்ளதான் இருக்குது."

"திருடுனதை ஒத்துக்கறியா?"

"எடுத்து வெச்சிருக்கறோம். இது ஏமாத்து மழைங்க. மேல்மண்ணுதான் நனைஞ்சிருக்குது. இப்ப முளைச்சா வெயில் கருக்கிப்போடும். புல்லு அழிஞ்சா அடுத்த வருசம் எங்களுக்கும் தீனி கிடையாது."

"அப்புறம் எப்பத்தான் விதைக்கறது?"

"புரட்டாசியில. அப்பப் பிடிக்கற மழை கார்த்திகை வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும்."

"அஞ்சு மாசம் உக்காந்து தின்னு தீர்க்கலாம்னு பாக்கறே" என்று சொல்லி ஓங்கி ஒரு கொத்து கொத்தினாள். வளை பிளந்தது. உள்ளே விதை குவியலாகக் கிடந்தது. பாதியை அள்ளிக் கூடையில் போட்டபோதுதான் தோண்டிய மண் அவள் கையில் சுட்டது. மேலே ஒரு விரற்கடை ஈரம். அதற்குக் கீழே பொரி வறுத்த மணல் மாதிரி இருந்தது. அவள் கை நின்றுவிட்டது. எறும்பை அவள் நம்பவில்லை. ஆனால் இப்போது மழையையும் நம்ப முடியவில்லை. மீதிப் பாதியை அப்படியே விட்டு வளையை மண்ணால் மூடினாள்.

"திருடங்கிட்டயே விதையை விட்டுட்டு வந்தியா?" என்று சென்னியப்பன் கத்தினான். கூடையிலிருந்ததை அவனே அன்றைக்கே விதைத்தான். பிளந்த வளையைச் சரிசெய்துகொண்டிருந்த எறும்புகள் அந்தப் பக்கம் வரவில்லை. ஆறாம் நாள் காடு பச்சைப்பசேல் என்று ஆனது. "பாத்தியா!" என்றான். பன்னிரண்டாம் நாள் எல்லாம் கருகிக் காற்றில் பறந்தது. அவன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். சுட்டது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை இருவரும் வேலங்காய் உலுக்கியும் தழை ஒடித்தும் பசுவைக் காப்பாற்றினார்கள். செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது. தினமும் வேலாத்தாள் வளைக்கு வருவாள்.

"விதை இருக்குதா?"

"இருக்குதுங்க."

"காட்டு."

எறும்புகள் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வெயிலில் பரப்பிக் காட்டிவிட்டு, திரும்ப உள்ளே கொண்டுபோகும்.

புரட்டாசியில் இரண்டு மழை அடுத்தடுத்துப் பெய்தது. வேலாத்தாள் மண்ணுக்குள் கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரை குளிர்ந்தது. எறும்புகள் விதையைக் கொண்டுவந்து கொட்டின.

"குறையுதே?"

"காவல் இருந்தவங்க சாப்பிட வேண்டாமுங்களா?"

அவள் முறைத்தாள். பிறகு விதையைச் சாணியிலும் செம்மண்ணிலும் புரட்டி உருட்டத் தொடங்கினாள்.

"இது எதுக்குங்க?" என்றது எறும்பு.

"உங்களுக்காகத்தான். இனி தூக்கிட்டுப் போங்க பாக்கலாம்."

விதைக்கும்போது சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றான். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, புள்ள."

"நீங்க எங்க கேட்டீங்க? கேக்காம உள்ளயே வெச்சிருந்தீங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல."

அவன் கூடையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு நடந்தான்.

கார்த்திகையில் புல் முழங்காலுக்கு நின்றது. செவலை கன்று போட்டது. ஊரார் வந்து பார்த்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அடுத்த ஆண்டு ஒவ்வொருவராகச் சித்திரை மழையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

மழை விட்டதும் எறும்புகள் தானியத்தை வாசலில் காயவைப்பது அந்த நாளில் வந்த பழக்கம்தான். மேட்டு நிலத்தில் புரட்டாசி பிறக்கும்வரை புல்விதையை எடுக்காமலிருப்பதும், எடுத்த பிறகும் வானத்தை நம்பாமல் மண்ணுக்குள் கையை விட்டுப் பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.