நண்டு தோண்டிய சாட்சி

நடுக்கடலில் ஒரு தீவு. கடலடியில் பிறந்து, நெருப்பைக் கக்கிக் கக்கி உயர்ந்து வெளியே வந்த மலை அது. அதன் கரைக்கு மேலே ஒரு மேட்டு நிலம். அங்கே ஒரு செந்நண்டு வளை தோண்டி வாழ்ந்தது.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஒரு முறையாவது தொட்ட மண்ணில் கடல் உயிர்கள் முட்டையிடலாம். கடல் தொடாத மண் தரை உயிர்களுக்கு. சண்டை வந்தால் ஆலாப் பறவை தீர்த்து வைக்கும்.

அந்த ஆண்டு அலைகள் கீழ்க்கரையை அரித்துவிட்டன. முட்டையிட வந்த ஆமைக்கு ஈரம் படாத மணல் ஒரு கையளவும் கிடைக்கவில்லை. நனைந்தால் முட்டைகள் அழுகிவிடும். அது மூச்சு வாங்க மேட்டின் மீது ஏறியது.

நண்டு கொடுக்கை உயர்த்தி மறித்தது. "கடல் அந்தப் பக்கம், அக்கா. வழி மறந்துவிட்டதா?"

ஆலா வந்தது. இந்த மேடு பிறந்த நாள் முதல் இதே உயரம்தான், ஒரு சொட்டுக் கடல்நீர்கூட இங்கே பட்டதில்லை என்று நண்டு சாதித்தது. கடல் இங்கே வந்ததுண்டு என்றால் பொழுது சாய்வதற்குள் அதற்குச் சாட்சி காட்டும்படி ஆலா ஆமையிடம் சொன்னது.

ஆமை யோசித்தது. வளையின் வாசலில் வெள்ளைத் துகள்கள் கிடந்தன.

"தம்பி, உன் வளை ஒரு முழம் இருக்குமா?"

"ஒரு முழமா? ஆறு முழம்."

"நம்ப முடியவில்லையே."

நண்டு விறுவிறுவென்று உள்ளே போனது. கிளை கிளையான ஒரு வெள்ளைக் கல்லோடு திரும்பி வந்து, அதை ஆலாவின் முன்னால் போட்டது. "வளையின் அடியிலிருந்து உடைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் அந்த ஆழத்துக்கு யாரும் போனதில்லை."

ஆலா கல்லைப் புரட்டியது. அதன் மேல் பூப்பூவாய்த் துளைகள். "இது பவளம். கடலுக்குள் மட்டுமே வளர்வது."

நண்டின் கண்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. "யாராவது கொண்டுவந்து போட்டிருப்பார்கள்."

"ஆறு முழத்துக்குக் கீழேயா?" என்றது ஆமை. "அங்கே யாரும் போனதில்லை என்றாயே, தம்பி."

ஒரு காலத்தில் இந்த இடத்தில் கடல் நின்றது, மலைதான் அதன் தரையை மேலே தூக்கியிருக்கிறது என்று ஆலா தீர்ப்புச் சொன்னது. வளை நண்டுக்கு; சுற்றியுள்ள மணல் ஆமைக்கு.

பொழுது சாய்வதற்குள் ஆமை நூறு முட்டைகளை இட்டு மூடியது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மேடு முழுவதும் அசைந்தது. குஞ்சுகள் கூட்டம் கூட்டமாய்ச் சரிவில் இறங்கின. ஒன்றுகூடக் குறையாமல் கடலில் பாய்ந்தன.

நீதி: தான் காணாதது நடக்கவே இல்லை என்று சாதிப்பவனை அவன் காலடி மண்ணே மறுத்துப் பேசும்.