ஒன்று வந்தால் ஒன்று போகும் வீடு

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். விடையையும் நானே சொல்லிவிடுவேன். அதற்கு முன் நீங்களும் ஒரு விடையை மனதில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் இதைக் கேட்டபோது சட்டென்று பதில் சொல்லி மூக்குடைபட்டவன் நான்.

தென்காசியில் சங்கரலிங்கம் என்றொரு சர்வேயர் இருந்தார். நிலம் அளக்கப் போனால் தாட்சண்யம் பார்க்காத மனிதர். அவர் சொன்ன சொல்லும் அப்படித்தான், ஓர் அங்குலம் நகராது. வீட்டில் அவர், அவர் மனைவி கோமதி, கல்யாணமே செய்துகொள்ளாமல் அவரைத் தூக்கி வளர்த்த அக்கா ஆவுடையம்மாள். மூன்றே பேர். குடியிருந்ததோ ஒன்பது அறை வீடு. எந்த அறையைத் திறந்தாலும் மூன்று தலைமுறைச் சாமான்.

ஒரு நாள் பின்கட்டு அறையில் அடுக்கியிருந்த அண்டாக்கள் சரிந்து ஆவுடையம்மாளின் காலை நசுக்கின. காலையில் விழுந்தவள் பொழுது சாயும்வரை கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். முன்கட்டில் இருந்த இருவருக்கும் கேட்கவில்லை. அவளைத் தூக்கும்போது சங்கரலிங்கம் அழுதுவிட்டார். "கூப்பிட்டா கேக்குற வீடு போதும்க்கா" என்றார். சீக்கிரமே பெரிய வீட்டைக் கைமாற்றிவிட்டு, இரண்டே அறை உள்ள வீட்டுக்கு மூவரும் குடிபோனார்கள்.

பால் காய்ச்சிய அன்று சங்கரலிங்கம் ஒரு விதி வைத்தார். இந்த வீட்டுக்குள் ஒன்று வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், மறுபடி எதுவும் குவியக் கூடாது. கற்பூரத்தை அடித்து மூவரும் சத்தியம் செய்தார்கள்.

முதல் இரண்டு வருடம் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். புதுச் சேலை வந்தால் பழைய சேலை போனது. புதுப் பானை வந்தால் பழைய பானை போனது. பெருக்கித் துடைக்க அரைமணி நேரம் போதும். ஒருவர் இருமினால் மற்ற இருவரும் தண்ணீரோடு வந்து நின்றார்கள். தெருவே மெச்சியது.

அப்புறம் ஒரு பூனை வந்தது. அதை உள்ளே விடுவதற்காக ஆவுடையம்மாள் தன் நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். சில மாதம் கழித்து அது கட்டிலுக்கடியில் ஒரே ஒரு குட்டி போட்டது. குட்டி சோறு தின்னப் பழகட்டும் என்று சங்கரலிங்கம் நாற்பது நாள் பொறுத்தார். பிறகு தாய்ப்பூனையைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய் ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். அவரிடம் கோபமே இல்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குட்டி மூன்று நாள் கத்திக் கத்தித் தாயைத் தேடியது. இரண்டு அறைதானே, எங்கே நின்று கத்தினாலும் மூவருக்கும் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் கோமதி உண்டானாள், கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து.

சந்தோஷம்தான், பின்னே இருக்காதா? ஆனால் அதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. குட்டி வந்ததற்குத் தாய்ப்பூனை போனது போல, பிள்ளை வந்தால் யார் போவது என்பதுதான் அடுத்த பேச்சு என்று மூவருக்கும் தெரியும். கோமதியின் வயிறு பெருக்கப் பெருக்க ஆவுடையம்மாளின் சாமான் குறைந்தது. முதலில் அவளுடைய டிரங்குப் பெட்டி போனது, பிறகு பாய், பிறகு மாற்றுச் சேலைகள். கோமதி கேட்டால், "எனக்கு எதுக்குளா இதெல்லாம்?" என்பாள். கடைசியில் மிஞ்சியது கதவோரம் ஒரு துணி மூட்டை. சங்கரலிங்கம் அதைப் பார்ப்பார், பார்க்காதது போல் தாண்டிப் போவார்.

பிரசவத்துக்குக் கோமதி தாய்வீடு போனாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதம் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் ஆவுடையம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவள் காலடியில் அந்த மூட்டை இருந்தது. ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு மூட்டையை எடுத்தாள்.

"நானும்தானடா கற்பூரத்தை அடிச்சேன். பிள்ள உள்ள வரட்டும், நான் போறேன்" என்று தம்பியிடம் சொல்லிப் படி இறங்கினாள்.

சங்கரலிங்கம் செருப்பை மாட்டினார். "விதி வச்சவன் நான். நான் போறேன், நீ இரு அக்கா" என்று அவரும் இறங்கினார். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. தென்காசி அறிந்தவரை அவர் எதையும் வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை.

கோமதி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மதினி, நீங்களும் போக வேண்டாம், அவுகளும் போக வேண்டாம். ஒன்னு வந்தாத்தானே ஒன்னு போகணும்? பிள்ள இங்க வரவே இல்லன்னு நெனச்சுக்கிடுங்க. நாங்க எங்கம்மா வீட்டுலயே இருந்துக்கிடுதோம்" என்று ஆட்டோக்காரரை நிற்கச் சொன்னாள்.

வீடு திறந்து கிடந்தது. மூவரும் தெருவில் நின்றார்கள். யார் விட்டுக்கொடுத்து உள்ளே போனாலும் இன்னொருவரை இழக்க வேண்டும், அதனால் ஒருவரும் படியேறவில்லை. வெயில் ஏற ஏறக் குழந்தை அழ ஆரம்பித்தது.

இப்போது சொல்லுங்கள். போகிறேன் என்ற அக்காவா, அவளுக்குப் பதிலாகப் போகத் துணிந்த தம்பியா, குழந்தையோடு திரும்ப நினைத்த கோமதியா? இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நான் அன்று தம்பி என்று சொன்னேன். தப்பு. மூவர் செய்ததும் தப்பு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எல்லோரும் இருக்கத்தான் அந்த வீடு சுருங்கியது, அதற்காகத்தான் விதியும் வந்தது. பூனைக்குட்டி கத்திய அந்த மூன்று நாளில் யாராவது ஒருவர் வாய் திறந்திருக்க வேண்டும். இப்போதும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் தூக்கிக் கொடுக்கிறார்களே தவிர, சத்தியத்தைத் தூக்கிப்போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. தன்னைக் கொடுப்பவரை ஊரும் கண்டிக்காது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தை உள்ளே வர வேண்டுமானால் வெளியே போக வேண்டியது அந்தச் சத்தியம் ஒன்றுதான். அதை மூவரில் யார் முதலில் சொல்கிறாரோ அவர் செய்வதே சரி. நான் கேள்விப்பட்டவரை, இன்னும் யாரும் சொல்லவில்லை.