சரளைப் பள்ளத்துக் கெண்டைகளும் சூரப்பனும்

ஒரு காட்டில், மனிதர்கள் சரளைக்கல் தோண்டி எடுத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போன பெரும்பள்ளம் ஒன்று கிடந்தது. நாலு மழையில் அது நிரம்பிவிட்டது. அடியில் சேறு கிடையாது, எல்லாம் கல். அதனால் தண்ணீர் அப்படியொரு தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லைக் கரையில் நின்றே எண்ணிவிடலாம். அதில் கொழுத்த கெண்டைகள் திரிந்தன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இதுவரை எவரும் பிடித்ததில்லை.

அந்தக் கரைப் புதரில் சூரப்பன் என்ற மீன்பிடிப் பூனை, தன் மனைவி செவந்தியோடும் மூன்று குட்டிகளோடும் குடியிருந்தான். மீன் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் எண்ணம். காட்டில் வேறு யாருக்கும் அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, குழந்தைகளே.

அந்த ஆண்டு கோடை கொளுத்தியது. வழக்கமாக மீன் கிடைக்கும் ஓடை வற்றிப்போய்க் குட்டிகள் பட்டினி கிடந்தன. காட்டுக்கு அப்பால் ஓர் ஏரி இருக்கிறது, தண்ணீர் கலங்கல்தான், ஆனாலும் தன் அண்ணன் அங்கே தினமும் வயிறாரச் சாப்பிடுகிறான், நாமும் போய்விடலாம் என்று செவந்தி சொன்னாள். சூரப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கலங்கல் தண்ணீரில் கையை விட்டுத் துழாவுவதா? உன் அண்ணனுக்கு அதுதான் சரி. நான் மீனைப் பார்த்துப் பிடிக்கிறவன். பத்து நாள் பொறு, இந்தக் கெண்டைகளைக் காலடிக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்.”

“பத்து நாள்தான். அதற்கு மேல் பிள்ளைகளை இங்கே வைத்திருக்க மாட்டேன்” என்றாள் செவந்தி.

மறுநாளே சூரப்பன் வேலையில் இறங்கினான். தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்ற புங்கமரத்தின் கிளையில் ஏறிப் படுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். அடியில் கிடந்த கற்களின்மேல் எங்கும் மெல்லிய பாசி படர்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் கல் தேய்த்துக் கழுவிய பாத்திரம்போலப் பளபளத்தது. கெண்டைகள் தினமும் மூக்கால் கிளறி மேய்கிற இடம் அப்படித்தான் இருக்கும். பயல் சரியாகவே கண்டுபிடித்துவிட்டான், அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த இடத்தில் இரை போட்டுக் கெண்டைகளைப் பழக்க வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு சாண் வீதம் இரையைக் கரைப்பக்கம் தள்ளிப் போட வேண்டும். கரைப்பாறையின் அடிக்கு அவை வந்துசேர்ந்ததும் ஒரே பாய்ச்சல். திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. இரைக்கு எங்கே போவது? செவந்தி வெயிலில் புற்றுப் புற்றாக அலைந்து, நகம் தேயத் தோண்டி, குட்டிகளுக்கென்று கொஞ்சம் கரையான் கொண்டுவந்து வைத்திருந்தாள். சூரப்பன் அதைத் தேக்கிலையில் வழித்து அள்ளிக்கொண்டு போனான்.

“அப்பா, எங்களுக்கு?” என்று மூத்த குட்டி கேட்டது.

“கரையானையா தின்பாய்? உனக்குக் கெண்டை வருகிறதடா!” என்றான் அந்த மகானுபாவன்.

கெண்டைகள் வந்தன. கரையானைத் தின்றன. தின்று முடித்து மேலே நாலு குமிழி விட்டன. இன்னும் பசிபோலும் என்று சூரப்பன் இன்னொரு பிடி போட்டான். தினமும் இதே கதைதான். அவை கூட்டமாய் மேய்வதைப் பார்த்து அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். பாய்ந்துவிடலாமா என்று பதுங்குவான், இன்னும் நாள் இருக்கிறது என்று தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எந்தக் கெண்டை முதலில் வரும், எது சட்டென்று திரும்பி ஓடும், எது பாறைக்குப் பயப்படும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. போகிற வருகிற உடும்பையெல்லாம் நிறுத்தி வைத்து அதைச் சொல்லித் தம்பட்டம் அடித்தான்.

ஏழாம் நாள் கடைக்குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. அதன் விலா எலும்பு வெளியே தெரிந்தது. இன்றைக்குக் கரையானைத் தொடாதீர்கள் என்று செவந்தி அழுதுகொண்டே கேட்டாள். இப்போது இரையை நிறுத்தினால் மீன் கலைந்துவிடும், தொழில் தெரியாமல் பேசாதே என்று அதட்டிவிட்டு அவன் கிளம்பினான். கெண்டைகள் அன்று இன்னும் ஒரு சாண் அருகே வந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் வந்தது. கரைப்பாறையின் அடியில் கரையானைக் கொட்டிவிட்டு, மேலே பதுங்கினான் சூரப்பன். கெண்டைகள் அவன் காலுக்கு நேர்கீழே கும்பலாக மொய்த்தன. பார்த்தால் முழங்கால் தண்ணீர்தான். பெரிய கெண்டையாகப் பார்த்துக் குறிவைத்துப் பாய்ந்தான்.

தெளிந்த தண்ணீர் ஆழம் காட்டாது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ‘தொபுக்’கென்று தலைகீழாக உள்ளே போனவன், காதில் பாசி தொங்க மேலே வந்தான். அவன் பாயும் முன்பே கெண்டைகள் விலகிவிட்டிருந்தன, கையில் ஒரு செதிள்கூட அகப்படவில்லை.

செவந்தி அந்தப் பாசியைப் பார்த்தாள். கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, மற்ற இரண்டும் பின்னால் தள்ளாடி வர, ஏரிப்பக்கம் நடந்தாள். இன்னும் ஒரே நாள், நாளைக்கு உறுதியாகப் பிடித்துவிடுவேன் என்று சூரப்பன் கெஞ்சிக்கொண்டே கொஞ்ச தூரம் போனான். வாயில் குட்டி இருந்ததால் அவள் பதில் சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் அவன் வெறுங்கையோடு பாறையில் போய் உட்கார்ந்தான். கெண்டைகள் அத்தனையும் ஏற்கெனவே வந்து காத்திருந்தன. அவற்றில் கிழட்டுக் கெண்டை ஒன்று, எட்டாத தூரத்தில் தலையைத் தூக்கிக் கும்பிடு போட்டது.

“நான் பாயப்போவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான் சூரப்பன்.

“ஐயா, நீங்கள் மரத்தில் படுத்துப் பத்து நாள் எங்களைப் பார்த்தீர்கள். எங்களுக்கும் வேறு வேலை இல்லை, நாங்களும் உங்களைப் பார்த்தோம். பாயலாமா என்று நினைக்கும்போதெல்லாம் உங்கள் வலது மீசை துடிக்கும். அது எங்கள் குஞ்சுகளுக்குக்கூடத் தெரியும். நாலு குமிழி விட்டால் நீங்கள் இன்னொரு பிடி போடுவீர்கள் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொண்டோம்.”

கிழட்டுக் கெண்டை அண்ணாந்து சூரியனைப் பார்த்தது.

“அது போகட்டும் ஐயா. நேரமாகிவிட்டதே, கரையான் எங்கே?”

நீதி: எதிராளியின் அசைவு உனக்குத் தெளிவாகத் தெரிகிறதென்றால், உன் அசைவும் அவனுக்குத் தெரிகிறது.