ஐயனார் ஆட்டின் உத்தரவு

வெகு காலத்துக்கு முன்பு, ஆனைவாய் நாட்டைச் சந்திரகேது என்னும் மன்னன் ஆண்டுவந்தான். அவன் கொடியவன் அல்லன். ஆனால், ஒரு முடிவை எடுத்துவிட்டு அதன் விளைவைத் தாங்கும் துணிவு அவனிடம் இல்லை. ஆகையால், எல்லா முடிவுகளையும் கரைகாத்த ஐயனாரிடம் விட்டுவிட்டான்.

ஐயனாரிடம் உத்தரவு கேட்பதற்கு அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோவில் முற்றத்தில் வெள்ளாடு ஒன்றை நிறுத்துவார்கள். கேள்வியை உரக்கச் சொல்லி, அதன் முதுகில் மஞ்சள் நீரைத் தெளிப்பார்கள். ஆடு உடலைச் சிலிர்த்து உதறினால் ஐயனார் சம்மதித்துவிட்டார். அசையாமல் நின்றால் மறுத்துவிட்டார். சில நாள்களில் ஆடு உச்சிவேளைவரை அசைபோட்டுக்கொண்டே நிற்கும். அதுவரை அரசாங்கமும் காத்து நிற்கும்.

ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில், ஏரியின் மடைக்காவலர் வேலாண்டி சேறு படிந்த கால்களோடு அவைக்குள் ஓடிவந்தார்.

"அரசே, ஏரி தளும்புகிறது. வடக்கு மதகை இப்போதே திறக்க வேண்டும். இல்லையென்றால், பொழுது சாய்வதற்குள் கரை உடையும். கீழே மூன்று ஊர்கள் இருக்கின்றன."

மன்னன் தயங்கினான். வடக்கு மதகைத் திறந்தால், வெள்ளம் முதலில் தளவாய் கேசரிமல்லனின் வாழைத்தோட்டத்தில் பாயும். அடுத்து வசந்த மண்டபத்தில் பாயும். மன்னன் ஏழாண்டுகள் பார்த்துப் பார்த்துக் கட்டிய அம்மண்டபம் சென்ற திங்களில்தான் முடிந்திருந்தது.

"எல்லாவற்றுக்கும் ஐயனார் இருக்கிறார்" என்றான் தளவாய். "கேட்டுவிடலாமே, அரசே! அமைச்சருக்கு மட்டும் ஏனோ தெய்வத்தைவிட மடைக்காவலர்மேல் நம்பிக்கை அதிகம்."

மன்னனின் வலப்பக்கத்து இருக்கையில் அமைச்சர் சிற்றம்பலனார் அமர்ந்திருப்பதைத் தளவாயால் நெடுநாளாகவே பொறுக்க முடியவில்லை. அமைச்சரோ எழுந்து கோவிலை நோக்கி நடந்தார்.

கோவில் முற்றத்தில் மழை கொட்டியது. மன்னனுக்குக் குடை பிடித்தார்கள். ஆட்டுக்கு யாரும் பிடிக்கவில்லை. தளவாய் முன்னே வந்து, தானே கேள்வியைச் சொன்னான்.

"ஐயனே! வடக்கு மதகு மூடியே இருக்கலாமா?"

பூசாரி மஞ்சள் நீரைத் தெளித்தார். ஆடு உடனே சிலிர்த்து உதறியது.

மன்னனின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அதைப் பக்தி என்றே அவன் எண்ணினான்.

"உத்தரவு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்றார் சிற்றம்பலனார். "அடியேனும் ஒன்று கேட்கலாமா, அரசே?"

"தாராளமாகக் கேளுங்கள், அமைச்சரே!" என்று தளவாய் சிரித்தான். "அறிவாளிகளுக்கும் ஆடு விடை சொல்லும்."

அமைச்சர் கைகூப்பினார். "ஐயனே! கரைக்கு நேர் கீழே இருக்கும் புன்னைப்பற்று மக்கள் அஞ்சுகிறார்கள். மழை ஓயும்வரை தளவாய் அவர்கள் தம் மனைவி மக்களோடு அவ்வூரில் தங்கி, அவர்களுக்குத் தைரியம் சொல்லலாமா?"

பூசாரி நீரைத் தெளித்தார். ஆடு உதறிய உதறலில் தளவாயின் மீசை நனைந்தது.

"அருமையான உத்தரவு!" என்றான் மன்னன். "கேசரிமல்லா, இப்போதே புறப்படு."

"அரசே… என் பேரன் கைக்குழந்தை."

"குழந்தையையும் ஐயனார் காப்பார்."

"கரை உடைந்தால்?"

"உடையாது என்று நீ கேட்ட உத்தரவுதானே சொல்கிறது?"

தளவாயின் முகம் வெளிறியது. "ஐயனாராவது, உத்தரவாவது! நான்கு நாளாக மழையில் நனைந்த ஆடு, அரசே! குளிரில் நடுங்குகிறது. எதைக் கேட்டாலும் நடுங்கும்!"

"தளவாய் சொல்வது உண்மை" என்றார் சிற்றம்பலனார். "இதை அவர் முதல் கேள்விக்கு முன்பே சொல்லியிருக்கலாம்."

மன்னனின் சினம் அமைச்சர்மீது திரும்பியது. "அப்படியென்றால், தெய்வத்தை நம்பாதே என்கிறீரா?"

"நம்புகிறேன், அரசே. விடியற்காலையில் இதே சன்னிதியில் நின்றேன். அந்த வாழைத்தோட்டத்தை அடுத்து எனக்கும் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. 'எனக்குப் பிடித்த விடையை முதலில் என்னிடமிருந்து எடுத்துக்கொள். பிறகு வழி காட்டு' என்று வேண்டினேன். வேண்டிவிட்டுக் கரைக்குப் போனேன். வேலாண்டி காட்டிய இடத்தில் கையை வைத்தேன். மண் கூழாக இருந்தது. இதைவிடத் தெளிவாக ஐயனார் எப்படிச் சொல்வார்?"

மன்னன் குடையை விட்டு விலகி, தனியே கருவறைமுன் போய் நின்றான். இம்முறை அவன் எதையும் கேட்கவில்லை. "மண்டபத்தைக் கொடுத்துவிட்டேன், துணைக்கு மட்டும் வா" என்றான். வெளியே வந்தபோது அவன் குரல் உறுதியாக இருந்தது.

"மதகைத் திறவுங்கள். தளவாய் கரையில் மண் சுமக்கட்டும். எந்தக் கூடை எங்கே போக வேண்டும் என்பதை வேலாண்டி சொல்வார். நாளை முதல் அவையில் வேலாண்டிக்கும் ஓர் இருக்கை உண்டு. சிற்றம்பலனாரே, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"முதலில் அந்த ஆட்டைத் துவட்டிவிடச் சொல்லுங்கள், அரசே. மற்றதைப் பிறகு பார்க்கலாம்."

மாலையில் மன்னன் கரைமேல் நின்றான். ஒருபுறம், வசந்த மண்டபத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக வெள்ளத்தில் சரிந்தன.

"அமைச்சரே, நான் செய்தது சரிதானா?"

"சற்றுப் பொறுங்கள், அரசே. இது சமைக்கும் நேரம்."

மன்னன் மறுபுறம் திரும்பிப் பார்த்தான். புன்னைப்பற்றில் ஒரு கூரையிலிருந்து ஈர விறகின் புகை குபுகுபுவென்று மேலெழுந்தது. பிறகு அடுத்த வீட்டில்; பிறகு அடுத்த ஊரில். மூன்றாவது ஊரிலும் புகை எழும்வரை அவன் கரையைவிட்டு இறங்கவில்லை.