சலவைக்குப் போன வேட்டி

முன்னொரு நாளில், ஏதோ ஒரு நாட்டில், வேலப்பன் என்ற அரண்மனை விகடகவி விடியுமுன் எழுந்தான். கிணற்றில் தண்ணீர் இறைத்தான். அடுப்பு மூட்டினான். கஞ்சி வைத்தான். காய்ச்சலில் கிடந்த மனைவி செங்கமலத்தை நிமிர்த்தி உட்கார வைத்தான். அவள் குடிக்கவில்லை. மூச்சு வாங்கியது.

வைத்தியர் வீடு கோட்டைக்கு வெளியே, ஆற்றங்கரையில். வேலப்பன் ஓடினான். கோட்டைக் கதவு சாத்தியிருந்தது.

"திங்கக்கிழமை. ராகு காலம் தொடங்கியாச்சு. அப்புறம் வாங்க" என்றான் காவலன்.

ராகு காலத்தில் யாரும் பயணம் தொடங்கக் கூடாது, கோட்டைக் கதவு திறக்கக் கூடாது என்பது மன்னரின் புது ஆணை. யோசனை அரண்மனை ஜோதிடர் நாகநாதருடையது. தன் பஞ்சாங்கத்தைவிட வேலப்பனின் பேச்சையே மன்னர் விரும்பிக் கேட்கிறார் என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

வேலப்பன் அரசவைக்குப் போனான்.

"அரசே, என் மனைவிக்கு மூச்சு முட்டுகிறது. வைத்தியரை அழைத்துவர வேண்டும். கதவைத் திறக்க உத்தரவிடுங்கள்."

"விகடகவிக்கென்று தனிப் பஞ்சாங்கம் உண்டோ?" என்றார் நாகநாதர். சபை சிரித்தது.

"ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான், வேலப்பா" என்றார் மன்னர்.

வேலப்பன் ஜோதிடரிடம் திரும்பினான். "ஐயா, போன மாதம் ஆகாத நாளில் தாங்கள் யாத்திரை புறப்பட்டீர்களே, எப்படி?"

"முதல் நாளே நல்ல நேரத்தில் என் வஸ்திரத்தைக் கோயிலில் வைத்துப் பரஸ்தானம் செய்துவிட்டேன். வஸ்திரம் வாசலைத் தாண்டினால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. இதுகூடத் தெரியாதா?"

"நேற்றுக் காலை நல்ல நேரம்தானே?"

"உத்தமமான வேளை."

"அப்போதுதான் என் வேட்டி கோட்டையைத் தாண்டி ஆற்றுக்குச் சலவைக்குப் போனது. நான் நேற்றே புறப்பட்டுவிட்டேன், அரசே. பாதி வழியில் இருப்பவனைத்தான் உங்கள் காவலன் மறிக்கிறான்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சபாஷ்! உனக்குக் கதவு திறக்கும். ஆனால் இரு, இதை ராணி கேட்டாக வேண்டும்."

ராணி வந்தாள். வேலப்பன் சொன்னான். பிறகு சேனாபதி வந்தார். "அந்த வேட்டிக் கதையை இவருக்கும் சொல்!" மறுபடி சொன்னான். ஒரு சொல்லும் விடவில்லை. விட்டால் மன்னர் முதலிலிருந்து கேட்பார். அவர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சிரித்தார். கடைசியில் தன் முத்துமாலையைக் கழற்றி வேலப்பன் கழுத்தில் போட்டார்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கோட்டைக் கதவு திறந்தே கிடந்தது. வண்டிகளும் மாடுகளும் போய்வந்துகொண்டிருந்தன. ராகு காலம் முடிந்துவிட்டிருந்தது.

வைத்தியர் வந்தார். செங்கமலத்தின் நாடியைப் பிடித்தார். கையை மெல்லக் கீழே வைத்தார்.

மன்னர் சிரித்தார், பரிசளித்தார் என்பதோடு அந்த ஊரில் இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். காலையில் அவன் வாசலைத் தாண்டும்போது அவள் சொன்னதைச் சொல்வதில்லை. அதன் பிறகு அவள் பேசவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. பூனை வரும்."